"ஞாயித்துக்கிழமை எங்க போவிய?" – மதப் பாகுபாடுன்னா என்னன்னு ஒரு எளிய விளக்கம்

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல பேரை மட்டும் வச்சு ஒரு ஆளோட மதத்தைக் கண்டுபுடிக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. தங்கராஜ், செல்வராஜ், ராஜன், செல்வி, தங்கம்னு பேரு இருக்கறவங்க இந்து, கிறிஸ்தவம்னு ரெண்டு பக்கமும் இருப்பாங்க. அதனால இங்க வீடு வாடகைக்குக் கேட்டுப் போனா பேரு கேட்டதோட விட மாட்டாங்க, ரெண்டாவதா ஒரு கேள்வி வரும்.

நாகர்கோவில்ல நான் வீடு தேடுனப்போ ஒரு வீட்டுக்கார அக்கா எனக்கு கட்டன் சாயா போட்டுக் குடுத்தாங்க, கிணத்தைக் காட்டி கோடையிலயும் வத்தாதுன்னாங்க, பின்னால நின்ன பிலாவை, அதான் பலா மரத்தைக் காட்டி "வருக்கையாக்கும், சீசனுக்கு ரெண்டு சக்கை உங்களுக்கும் உண்டு"ன்னாங்க. வாடகை பேசியாச்சு, அட்வான்ஸும் பேசியாச்சு. கிளம்பும்போது கேட்டாங்க, "ஞாயித்துக்கிழமை காலைல எங்க போவிய மக்ளே?" நான் உள்ளதைச் சொன்னேன், "தூங்குவேன்க்கா." நல்லாச் சிரிச்சாங்க. மறுநாள் புரோக்கர் போன் பண்ணி, அந்த வீடு வேற ஆளுக்கு முடிஞ்சுபோச்சுன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு அந்த வழியாப் போறேன், கேட்ல 'டு லெட்' போர்டு அப்படியே தொங்குது.

அந்த அக்கா எந்த மதம்னு நான் எழுதப் போறதில்ல. எழுதினா படிக்கறவங்கள்ல பாதிப் பேரு "பாத்தியா, அவங்க அப்படித்தான்"னு ஆரம்பிப்பீங்க, மீதிப் பேரு என்கூட சண்டைக்கு வருவீங்க, விஷயம் அப்படியே காத்துல போயிரும். இந்த விஷயத்தை எல்லாரும் பேசறாங்க, ஆனா ரொம்ப லூசா பேசறாங்க. ஒலிபெருக்கிச் சண்டையும் பாகுபாடு, பேஸ்புக்ல திட்டுனதும் பாகுபாடு, கலவரமும் பாகுபாடுன்னு எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டா உண்மையிலேயே பாதிக்கப்பட்டவன் சொல்றது யாரு காதுலயும் விழாது. அதான் கொஞ்சம் அடியில இருந்து பாக்கலாம்னு.

எது பாகுபாடு இல்ல

எங்க ஊர்ல மதத்தைப் பத்தி யாராவது வாயைத் தொறந்தா பேச்சு நேரா 1982 மார்ச்சுல மண்டைக்காட்டுக்குப் போயிரும். அது கலவரம். இந்துக்களும் கிறிஸ்தவங்களும் மோதுனது, போலீஸ் துப்பாக்கிச்சூடு, உயிர் போனது, அதுக்கப்புறம் விசாரணைக் கமிஷன். கலவரத்துக்குப் பின்னாடி பாகுபாடு இருக்கலாம், ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. கலவரம் கண்ணுல தெரியும், பேப்பர்ல வரும். பாகுபாடு பெரும்பாலும் 'வேற ஆளுக்கு முடிஞ்சுபோச்சு'ங்கற மாதிரி சத்தமில்லாம நடக்கறது.

அதே மாதிரி ஒருத்தர் "உங்க நம்பிக்கை தப்பு"ன்னு சொன்னா அது கருத்து வேறுபாடு. மனசு நோகும்தான், ஆனா அதனால நமக்கு வீடோ வேலையோ சீட்டோ போகல. கோயில்ல பூசாரியா இருக்க அந்த மதத்துக்காரரா இருக்கணும், சபைக்குப் போதகரா வர அந்த விசுவாசம் வேணும்னு சொல்றதும் பாகுபாடு இல்ல, ஏன்னா அந்த வேலையே நம்பிக்கை சம்பந்தப்பட்டது. அரசியலமைப்புல 16(5)ங்கற பிரிவு இதை ஒத்துக்குது. ஆனா இந்தக் கோடு எதுவரைக்கும் நீளும்ங்கறதுல சண்டை உண்டு. சென்னை கொளத்தூர்ல கோயில் நிதியில தொடங்குன கல்லூரிக்கு 2021-ல இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்னு விளம்பரம் வந்துச்சு, கேஸ் போச்சு, உயர் நீதிமன்றம் அது செல்லும்னுருச்சு. பூசை பண்றவரு சரி, ஆபீஸ்ல டைப் அடிக்கறவருக்கு எதுக்கு மதம்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா தீர்ப்பு அப்படித்தான்.

அப்போ எதைத்தான் பாகுபாடுன்னு சொல்றது

மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுறீங்க. கண்டக்டருக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம், எங்க இறங்கணும், காசு இருக்கா. அவரு "எந்தக் கோயில்ல சேந்த ஆளு?"ன்னு கேட்டு, பதிலைப் பொறுத்து டிக்கெட் குடுத்தா எப்படி இருக்கும்? அதுதான். ஒரு ஆளுக்கு வேற எல்லாத் தகுதியும் இருந்தும், அவரோட நம்பிக்கையையோ நம்பிக்கை இல்லாமையையோ காரணமா வச்சு, சம்பந்தமே இல்லாத ஒண்ணை அவருக்கு மறுக்கறதுதான் மதப் பாகுபாடு. அவரு உண்மையில என்ன நம்புறாருங்கறதுகூட முக்கியமில்ல, மறுக்கறவரு என்னன்னு நினைச்சுக்கிட்டாருங்கறதே போதும். முஸ்லிம்னு தப்பா நினைச்சு ஒரு இந்துவுக்கு வீடு குடுக்கலன்னாலும் அது பாகுபாடுதான்.

இதைக் கண்டுபுடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், நம்பிக்கையை மட்டும் மனசுக்குள்ள மாத்திப் பாருங்க. அதே சம்பளம், அதே குடும்பம், அதே ஆளு. பதில் மாறுதா? மாறுச்சுன்னா விஷயம் அங்கதான் இருக்கு. இதை நான் மாத்திப் பாக்கற சோதனைன்னு சொல்லிக்கறேன், கீழ ஒரு இடத்துல தேவைப்படும்.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோதான். சண்டை, விமர்சனம், மனவருத்தம் எல்லாம் வேற. ஒண்ணை மறுக்கணும், மறுக்கறதுக்கு நம்பிக்கை காரணமா இருக்கணும், அந்த நம்பிக்கைக்கும் மறுக்கப்பட்ட பொருளுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

மெஜாரிட்டி யாரு? அது எந்தத் தெருங்கறதைப் பொறுத்தது

2011 கணக்கெடுப்புப்படி எங்க மாவட்டத்துல 18.7 லட்சம் பேரு. அதுல இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவங்க 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். சாமிதோப்பைத் தலைமைப் பதியா வச்சிருக்கற, அய்யா வைகுண்டர் வழியில போற அய்யாவழிக்காரங்களுக்கு அந்தக் கணக்குல தனிக் கட்டமே இல்ல, அவங்களையும் பெரும்பாலும் இந்துன்னுதான் எழுதிக்கிறாங்க. ஒருத்தரு தன்னை என்னன்னு சொல்றாரோ அதுக்குத் தனிக் கட்டம் இல்லைங்கறதும் ஒரு விதமான ஒதுக்கல்தான்னு அவங்கள்ல பல பேரு சொல்லுவாங்க.

பாகுபாடுன்னாலே பெரும்பான்மை சிறுபான்மைக்குப் பண்றதுன்னு பொதுவா ஒரு நினைப்பு உண்டு. நாடு முழுக்கப் பாத்தா அது பெரிய அளவுல உண்மையும்கூட. ஆனா எங்க ஊர்ல ரெண்டு கிலோமீட்டர் பைக்ல போனா பெரும்பான்மை மாறிரும். கடற்கரை ஊர்ல ஒரு இந்துக் குடும்பம் தனியா இருக்கும், கடற்கரையை விட்டுத் தள்ளி உள்ள ஊர்ல ஒரு தெருவுல ஒரே ஒரு கிறிஸ்தவ வீடு இருக்கும், ஜமாஅத் உள்ள தெருவுல வேற ரெண்டு பேரும் தனி. காலைல ஒரு தெருவுல வீடு மறுக்கப்பட்ட ஆளோட மாமா, சாயங்காலம் தன்னோட தெருவுல வேற ஒருத்தருக்கு வீடு மறுத்துக்கிட்டிருப்பாரு. அதனால தலைய எண்ணாதீங்க, இந்த வீட்டுக்கு, இந்த வேலைக்கு, இந்தக் கல்லறைக்கு சாவி யாரு கையில இருக்குன்னு பாருங்க.

வெறுப்பே இல்லாமலும் நடக்கும்

இதுதான் நிறைய பேருக்குப் புரியாத இடம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

"நான் யாரையும் வெறுக்கலையே, என் பெஸ்ட் பிரண்டே அந்த மதம்தான்"னு சொல்றவங்க பொய் சொல்லல. எங்க சித்தப்பாவையே எடுத்துக்கோங்க. ஜவுளிக்கடை வச்சிருக்காரு, பக்ரீத்துக்கு பிரியாணி வாங்கித் தின்னுட்டு தீபாவளிக்கு முறுக்கு குடுத்து விடற ஆளு. கடைக்கு ஆளு வேணும்னா என்ன பண்ணுவாரு? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வெளிய வரும்போது நாலு பேருகிட்ட சொல்லி வைப்பாரு, அன்பியக் கூட்டத்துல (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுங்க கூடற ஜெபக் கூட்டம்) சொல்லுவாரு. செவ்வாய்க்கிழமை ஆளு வந்துரும். அவரு யாரையும் வேண்டாம்னு சொன்னதே இல்ல, ஆனா பதினஞ்சு வருஷமா அந்தக் கடையில வேற மதத்து ஆளு ஒருத்தரும் வேலை பாத்ததும் இல்ல. வேலை காலியா இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதே. நான் சொன்னப்போ அவரு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "தெரிஞ்ச ஆளுன்னா நம்பிக்கையா இருக்கும்லா"ன்னாரு. அதுவும் உண்மைதான், அதுதான் கஷ்டமே.

இங்க ரெண்டு சொல்லைப் பிரிச்சு வச்சுக்கணும். "உங்க மதத்துக்காரங்களுக்குக் கிடையாது"ன்னு வெளிப்படையா சொல்றது நேரடிப் பாகுபாடு. எல்லாருக்கும் ஒரே விதின்னு சொல்லிட்டு, அந்த விதி ஒரு நம்பிக்கைக்காரங்க மேல மட்டும் போய் விழுந்தா அது மறைமுகப் பாகுபாடு. வெஜிடேரியன் குடும்பத்துக்கு மட்டும் வீடுன்னு போர்டு போட்டா அதுல மதமே இல்ல, ஆனா மீன் இல்லாம சோறு இறங்காத எங்க மாவட்டத்துல அந்தப் போர்டு யாரை வெளிய தள்ளுதுன்னு சொல்லத் தேவையில்ல. (மதம் பாக்காம கிட்டத்தட்ட மாவட்டத்தையே தள்ளிருது, அது வேற.)

எல்லாருக்கும் ஒரே விதிங்கறது எப்பவும் நியாயம் ஆகாதுங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. 1985-ல கேரளா கோட்டயம் பக்கம் ஒரு ஸ்கூல்ல மூணு பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த குடும்பம். தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எந்திரிச்சு நிப்பாங்க, ஆனா பாட மாட்டாங்க, அவங்க நம்பிக்கையில கடவுளைத் தவிர வேற எதுக்கும் துதி பாடக் கூடாது. ஸ்கூலை விட்டு நீக்கிட்டாங்க. எல்லாரும் பாடணும்ங்கற விதி எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு வாதம். கேரள உயர் நீதிமன்றத்துல தோத்துட்டாங்க. 1986 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு, எந்திரிச்சு நின்னதே மரியாதைதான், பாடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்ல, பிள்ளைங்களைத் திரும்பச் சேருங்கன்னு சொல்லிருச்சு. விதியை உடைக்காம, யாருக்கும் நஷ்டம் இல்லாம, கொஞ்சம் இடம் விட்டுக் குடுக்கறதை நியாயமான அனுசரிப்புன்னு சொல்லலாம். ஞாயித்துக்கிழமை ஷிப்டை சனிக்கிழமை ஆளோட மாத்திக் குடுக்கறது, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் விடறது, மாலை போட்டவரு செருப்பில்லாம ஆபீஸ் வர்றதைக் கேள்வி கேக்காம இருக்கறது, எல்லாம் இதுதான். எல்லா நேரத்துலயும் முடியாது, ஆனா முடியற இடத்துல மறுத்தா கேள்வி வரும்.

ஆக, மனசுல விஷம் இருந்தாத்தான் பாகுபாடுன்னு இல்ல. பழக்கம், தெரிஞ்சவங்க வட்டம், யோசிக்காமப் போட்ட விதி, இந்த மூணுமே போதும்.

ஒதுக்கி வைக்கறது: ஒரு கல்லறைக் கதை

ஒரு பொருளை மறுக்கறது ஒரு வகை. ஒரு ஆளையே ஊரோட நடமாட்டத்துல இருந்து வெட்டி விடறது இன்னொரு வகை. அதுதான் விலக்கி வைத்தல், எங்க பக்கம் ஊர்விலக்குன்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுக்கு வேற மதம்கூட வேண்டாம், ஒரே மதத்துக்குள்ளயே நடக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். ஊர்க்கோயில்ல இருந்து (எங்க பக்கம் கத்தோலிக்க சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம்) விலகி பெந்தெகொஸ்தே சபைக்குப் போயிட்டாங்க, பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுப் பெரியவரு ஒரு மழை நாள்ல இறந்துட்டாரு. ஃப்ரீசர் பெட்டி முன்வாசல்ல சத்தம் போட்டுக்கிட்டிருக்கு, மகன் போய் ஊர்க் கமிட்டியில கல்லறைத் தோட்டத்துல குழி கேட்டா, கோயிலுக்குக் குடுக்கற வரியோட நோட்டை எடுத்து வச்சுட்டு "பதினோரு வருஷ பாக்கி இருக்கு"ன்னாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு சொந்தக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முன்வாசல்லயே எண்ணினாங்க. கொண்டு குடுத்தா, "பணம் மட்டும் போதாது, ஃபாதர்கிட்ட எழுதிக் குடுக்கணும்"னாங்க. கடைசியில வேற ஊர்ல சபைக்காரங்க ஒரு இடம் பாத்துக் குடுத்தாங்க, விடிஞ்சு கொண்டு போனாங்க.

இது வரி பாக்கிப் பிரச்சினையா, பாகுபாடா? மாத்திப் பாக்கற சோதனையைப் போடுங்க. அதே ஊர்ல கோயிலை விட்டுப் போகாத, வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பல வருஷம் வரி குடுக்காத வீடுங்க உண்டு. அங்க சாவு விழுந்தப்போ முதல்ல அடக்கம், அப்புறம் கணக்கு. அப்போ காரணம் வரி இல்ல. வரி நோட்டு ஒரு சாக்கு. பாகுபாடு பல நேரம் இப்படித்தான் வரும், கையில ஒரு நியாயமான காகிதத்தோட. கோயிலுக்குச் சொந்தமான கல்லறையில தன் உறுப்பினர்களுக்கு மட்டும் இடம்னு ஒரு அமைப்பு சொல்லலாமான்னு கேட்டா, சட்டப்படி அதுக்கும் ஒரு வாதம் உண்டு, மறுக்கல. ஆனா அப்போ அதைத்தான் சொல்லணும், பாக்கியைக் காட்டக் கூடாது.

இது எங்க மாவட்டக் கதை மட்டும் இல்ல. 2025 ஜனவரியில சத்தீஸ்கர்ல ஒரு கிறிஸ்தவப் போதகரோட உடலை சொந்தக் கிராமத்துல அடக்கம் பண்ண ஊர் விடாம, மகன் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாரு. அது வரைக்கும் உடல் பிணவறையில. ரெண்டு நீதிபதிகளுக்குள்ளயே ஒத்துப் போகல, கடைசியில இருபது கிலோமீட்டருக்கும் மேல தள்ளி உள்ள கிறிஸ்தவக் கல்லறையில அடக்கம் பண்ணச் சொன்னாங்க.

அரசாங்கமே அந்தக் கேள்வியைக் கேட்டா

சாவி அரசாங்கம் கையில இருக்கும்போது பாதிப்பு ஒரு வீட்டோட நிக்காது. எங்க மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டுல இல்ல, அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், அதுக்கும் முன்னாடி திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்க நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாதுன்னு இருந்த காலத்துல, கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்கள் மட்டும் குப்பாயம்ங்கற மேல்சட்டை போட்டுக்கலாம்னு 1814-ல உத்தரவு வந்துச்சு. அதே சாதி, அதே தெரு, அக்கா தங்கச்சியாகூட இருக்கலாம், ஞானஸ்நானம் வாங்கினவளுக்கு ஒரு விதி, வாங்காதவளுக்கு ஒரு விதி. தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859-லதான் மாறாத நாடார் பெண்களுக்கும் அனுமதி வந்துச்சு. அப்பவும் மேல்சாதிப் பெண்கள் போடற மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு கொக்கி வச்சாங்க.

பழைய கதைதானேன்னு விட முடியாது, இன்னைக்கும் அதே மாதிரி ஒண்ணு சட்டத்துலயே இருக்கு, இந்தத் தடவை தலைகீழா. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி.ங்கற தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956-ல சீக்கியர்களைச் சேத்தாங்க, 1990-ல பௌத்தர்களைச் சேத்தாங்க. கிறிஸ்தவரா மாறின தலித்துக்கு இல்ல, தமிழ்நாட்டுல அவங்க பி.சி. பட்டியல்ல வருவாங்க. தீண்டாமை இந்து சமூகத்துல உள்ளது, அதனால சலுகையும் அங்கதான்னு ஒரு பக்கம் வாதம். ஞானஸ்நானத் தண்ணியில சாதி கரைஞ்சா போச்சு, தெரு அதே தெருதானேன்னு மறுபக்கம். 2004-ல இருந்து சுப்ரீம் கோர்ட்டுல வழக்கு இருக்கு, 2022-ல இதைப் பாக்க முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில கமிஷனும் போட்டாங்க. எங்க பக்கம் சர்டிபிகேட்டுல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேருன்னு ரெண்டு பேரோட வாழற வீடுங்க உண்டு. அவங்களை ஏமாத்துறாங்கன்னு திட்டறது சுலபம். நம்பிக்கையை மாத்தினா பிள்ளையோட காலேஜ் சீட்டு போகும்னு ஒரு விதி இருந்தா மனுஷன் என்னதான் பண்ணுவான்?

மாறினவன், விட்டவன்

நம்பிக்கை உரிமைன்னா இருக்கற நம்பிக்கையோட இருக்கற உரிமை மட்டும் இல்ல, மாறவும் விடவும் உள்ள உரிமையும் சேத்துதான். அடி அதிகமா விழுறதும் இந்த ரெண்டு பேருக்குத்தான், ஏன்னா பழைய வீட்டுக்காரனுக்கும் கோபம், புது வீட்டுக்காரனுக்கும் சந்தேகம். நட்டாலத்துல 1712-ல பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில இருந்த நீலகண்டன், 1745-ல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு. சிறை, சித்திரவதை, கடைசியில 1752-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022-ல ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தப்போ எங்க மாவட்டமே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு.

விட்டவனுக்குப் பட்டமெல்லாம் கிடையாது, வீடும் கிடையாது (என்னைப் பாருங்க). 2019-ல திருப்பத்தூர்ல ஒரு பெண் வழக்கறிஞர் பல வருஷம் அலைஞ்சு சாதி மதம் அற்றவர்னு சான்றிதழ் வாங்குனாங்க, அதுவே நாடு முழுக்கச் செய்தி ஆச்சு. எதுவும் இல்லைன்னு சொல்றதுக்குக்கூட தாசில்தார் கையெழுத்து வேணும்.

சட்டம் எதுவரைக்கும் வரும்

பல பேரு நினைக்கற மாதிரி எல்லாப் பாகுபாடும் சட்டவிரோதம் இல்ல. அரசியலமைப்பு 15(1) அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துது, 16(2) அரசு வேலையை. 15(2) மட்டும் தனி ஆளுங்க வரைக்கும் வருது: கடை, பொது ஹோட்டல், பொதுக் கிணறு, குளம், படித்துறை, ரோடு இங்கெல்லாம் மதத்தைச் சொல்லித் தடுக்கக் கூடாது. கிணறுன்னு சட்டத்துல எழுதியிருக்கறதைப் பாத்து வெளியூர்க்காரங்க ஆச்சரியப்படலாம், சாமிதோப்புல எல்லாச் சாதியும் ஒண்ணா மொள்ளற முத்திரிக்கிணத்தைப் பாத்த எங்களுக்கு ஆச்சரியம் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு 29(2), அரசு உதவி வாங்கற நிறுவனம் மதத்தை மட்டும் காரணம் காட்டி சீட் மறுக்கக் கூடாது. 28(3), அங்க படிக்கற பிள்ளையை, பெத்தவங்க சம்மதம் இல்லாம மத வகுப்புக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது.

வாடகை வீடு? இந்த லிஸ்ட்ல இல்ல. தனியார் வேலைக்கும் தனியா முழுமையான பாகுபாட்டுத் தடைச் சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. 2005-ல குஜராத் கேஸ் ஒண்ணுல, பார்சிகள் மட்டும் உறுப்பினர் ஆகலாம்னு ஒரு வீட்டுச் சங்கம் வச்ச விதி செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஊர்விலக்குக்கு எதிரா மகாராஷ்டிராவுல 2016-ல தனிச் சட்டம் போட்டாங்க.

அதனால உங்களுக்கு நடந்தா முதல்ல சாவி யாரு கையிலன்னு பாருங்க. அரசு ஆபீஸ், அரசு உதவி பெறும் ஸ்கூல், கடை, பொது இடம்னா எழுத்துல குடுங்க. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவங்க யாருன்னு அன்னைக்கே குறிச்சு வைங்க, ரெண்டு வாரம் கழிச்சு வார்த்தை மாறிரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள் உண்டு, கோர்ட்டு வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் குறைஞ்சவங்களுக்கும் அங்க இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க. மனுவுல "என்னைக் கேவலப்படுத்திட்டாங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. உங்களை மாதிரியே உள்ள வேற ஒருத்தருக்கு அதே இடத்துல அது கிடைச்சிருந்தா அதை எழுதுங்க, கல்லறைக் கதையில வெளிநாட்டுக்காரங்க வீடு மாதிரி. அதிகாரிக்கு பதில் சொல்லக் கஷ்டமா இருக்கற வரி அதுதான்.

வாடகை வீடுன்னா மனு குடுத்துப் பிரயோஜனம் இல்ல. நான் வடசேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டுல வந்து சேந்தேன். வீட்டுக்காரரு ரிட்டயர்டு கண்டக்டரு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "ஒண்ணாந்தேதி வாடகை வந்துருமாடே?" பிலா மரம் மட்டும் இல்ல.